சாவியைக் கழற்றிய வளைவு

அத்தானுக்கு உயரம் என்றால் பயம் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. லண்டனில், ஈஸ்ட் ஹாமில், அக்காவின் கணவரான அவருடைய பலசரக்குக் கடையில் நான் வேலை செய்த காலத்தில், ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் அவர் ஏறி நான் கண்டதில்லை. மேல்தட்டில் இருக்கிற பப்படப் பெட்டியை எடுக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அக்காவுக்கு அறுபது வயது நிறைந்ததற்காகத்தான் மொரோக்கோவுக்குப் போனோம். அக்கா, அத்தான், என் மனைவி, நான் என்று நாலு பேர். பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு அவரவர் வேலை. "நாங்கள் நாலு பேரும் ஒருக்காவாவது ஒண்டாப் போவம் தம்பி" என்று அக்கா கேட்டா. அக்கா கேட்டால் நான் மறுப்பதில்லை. ஆறு நாள் பயணம். மூன்று நாள் மராகேஷ் நகரத்தில், இரண்டு நாள் மலைக்கு அந்தப்பக்கம் பாலைவனத்து ஓரத்தில். கடைசி நாள் காலையில் அங்கிருந்து காரில் புறப்பட்டு, அட்லஸ் மலையைக் கடந்து, பின்னேர விமானத்தைப் பிடிக்கவேண்டும்.

காரை ஓட்டியது நான். பத்தொன்பது வருடமாக லண்டனில் இரண்டுதட்டு பஸ் ஓட்டுகிறேன். மழையிலும் பனியிலும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து நெரிசலிலும், எழுபது எண்பது பேரை ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் கார் நிறுத்தியிருக்கிற ஒடுங்கிய தெருக்களில் போய்வருகிறவன். அத்தானுக்கு அது ஒரு பகிடி. கலியாண வீட்டில் புதிதாக யாரையாவது அறிமுகப்படுத்தினால், "இவர் என்ர மச்சான். டபுள் டெக்கர் பைலட்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் நான் அவரை வெறுத்தது அந்தப் பகிடிக்காக இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மலைக்குப் போகவேண்டும்.

லண்டனுக்கு வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அத்தான்தான் கூப்பிட்டு வேலை தந்தார். கடைக்கு மேலே இருந்த அறையில் படுக்கை. அக்கா கைக்குழந்தையோடு பார்க்கிங் என்கிற பக்கத்து ஊரில், வீட்டில் இருந்தா. நான் அங்கே போவது கிழமைக்கு ஒருநாள்தான். கடையில் ஒரு தொலைபேசி, வீட்டில் ஒரு தொலைபேசி. என்னிடம் எதுவும் இல்லை.

அம்மா அப்போது வன்னியில் இருந்தா. சண்டைக்காலம். அங்கே போன் கிடையாது. கடிதம் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒருமுறை அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கென்று சண்டை எல்லையைத் தாண்டி வவுனியாவுக்கு வர பாஸ் கிடைத்தது. நாலு நாள் பாஸ். அங்கே ஒரு சொந்தக்காரர் கடைக்குத் தொலைபேசி எடுத்து அத்தானிடம் சொல்லியிருக்கிறார்: அம்மா ஞாயிற்றுக்கிழமை காலமை கொம்யூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடைக்கு வந்து உங்கள் வீட்டுக்கு எடுப்பா, மகளும் மகனும் நிற்கவேண்டும், மகன்ர குரலைக் கேட்கவேண்டும் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறா.

அத்தான் என்னிடம் சொல்லவில்லை. அந்த ஞாயிறு அவர் இரண்டாவது கடை திறந்தார். நான் விடிய ஐந்து மணியிலிருந்து அங்கே தட்டுகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வாழை கட்டியதும் நான்தான். அம்மா திங்கட்கிழமையும் எடுத்தாவாம். அன்றைக்கும் என்னிடம் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு, கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டே, "கொம்மா திடீரெண்டு எடுத்தவ. சுகமா இருக்கிறாவாம். உன்னையும் விசாரிச்சவ" என்றார். நான் அதை நம்பினேன். சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஐந்து மாதத்தில் அம்மா போய்விட்டா. செய்தி எங்களுக்கு வந்தது பதினாறு நாள் கழித்து. அன்று பார்க்கிங் வீட்டில் நான் சுவரோடு சாய்ந்து அழுதபோது, அக்கா என்னைப் பார்த்து, "இப்ப அழு" என்றா. அவ்வளவுதான். துக்கத்தில் சொல்கிறா என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருடம் அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்கும் ஏதேதோ காரணம் நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள், வேலை, நித்திரை இல்லை என்று.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அக்கா என் கையைப் பிடித்தா. "நான் ஒண்டு சொல்லிப்போட்டுத்தான் போகோணும். நீ அண்டைக்கு அம்மாவோட கதைக்க வராததை நான் மன்னிச்சிட்டன். அத்தானிட்ட நித்திரை எண்டு சொன்னியாம். அம்மா ரெண்டு நாளும் அந்தக் கொம்யூனிகேஷன் வாங்கில காத்துக்கொண்டு இருந்தவ. நான் தம்பிக்கு வேலை எண்டு பொய் சொன்னனான். சின்னப்பெடியன் தானே நீ, உனக்கென்ன விளங்கும். மன்னிச்சிட்டன்."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. அத்தான் அந்தக் கட்டிலுக்கு மற்றப்பக்கத்தில், தோடம்பழம் உரித்துக்கொண்டு இருந்தார். அவருடைய கை நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உரிக்கத் தொடங்கினார்.

நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போகிற ஒருத்தியிடம் அப்போது நான் என்ன சொல்வது? "ஓம் அக்கா" என்றேன். "பிழைதான்" என்றேன்.

அக்கா சுகமாகி வந்தா. நான் சொல்லவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு ஆறு மாதம். பிறகு அது எனக்கு ஒரு சொத்துப்போல ஆகிவிட்டது. பஸ்ஸில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பேன். அத்தானை எங்கே வைத்து, யாருக்கு முன்னால், எப்படி உடைப்பது என்று. கோயில் திருவிழாவில் அவர் வேட்டியோடு முன்வரிசையில் நிற்கும்போது. அவருடைய மகளின் கலியாணத்தில் அவர் மைக்கைப் பிடிக்கும்போது. ஒவ்வொரு இடத்திலும் அவரை நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடமும் போதவில்லை.

மொரோக்கோவில் ஆறு நாளும் அவர்தான் முன்சீட். அங்கே கார் ஓடுவது வீதியின் வலப்பக்கத்தில். ஸ்டியரிங் இடப்பக்கம், அவர் எனக்கு வலப்பக்கம். முதல்நாளே தொடங்கிவிட்டார். "பாத்து, பாத்து", "இது உன்ர பஸ் இல்லை", "ரவுண்டபவுட்டில எந்தப் பக்கம் எண்டு தெரியுமோ?" இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். பின்னாலிருந்து அக்கா, "சும்மா இருங்கோ, அவன்ர தொழில் அது" என்பா. "பஸ்ஸுக்கு ரூட் போட்டுக் குடுத்திருக்கிறாங்கள். இஞ்ச மூளை பாவிக்கோணும்" என்று அவர் சிரிப்பார்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மணல்மேடுகள் உள்ள பாலைவனம் இல்லை அது. கல் பாலைவனம். தட்டையாகக் கிடந்த கறுத்த கற்களில் வெயில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு கல்லுக்கும் தன்னைவிட நீளமான நிழல் இருந்தது. தூரத்தில் மலை, அதன் மேல் பனி. இடையில் மண்ணால் கட்டிய ஒரு கோட்டை, மண்ணின் நிறத்திலேயே. ஓர் ஆற்றங்கரையில் வாதுமை மரங்கள் இலையில்லாமல் வெள்ளையாகப் பூத்திருந்தன. அக்கா கார்க் கண்ணாடியை இறக்கி, முகத்தில் காற்றுப்பட வந்தா. சந்தோஷமாக இருந்தா. அதை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

தேத்தண்ணி குடிக்க ஒரு கடையில் நிறுத்தினோம். லீட்ஸிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பக்கத்து மேசையில் இருந்தார்கள். அத்தான் அவர்களோடு கதை கொடுத்தார். தன் கடைகளைப் பற்றிச் சொன்னார். பிறகு என்னைக் காட்டி ஆங்கிலத்தில், "இவனைச் சின்ன வயதிலேயே நான்தான் எடுத்து வளர்த்தேன். ஒரு தகப்பனைப்போல. இவனுக்கு வேறு யாரும் இல்லை" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையை ஆட்டினாள்.

இவனுக்கு வேறு யாரும் இல்லை. கோப்பையில் பாதித் தேத்தண்ணி இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து காருக்குப் போனேன்.

கொஞ்சத் தூரத்தில் பாதை பிரிந்தது. இடப்பக்கம் புதிய பெருவீதி, அகலமானது, எல்லாப் பஸ்ஸும் லொறியும் போவது. நேராகப் போனால் பள்ளத்தாக்கின் ஓரமாகப் பழைய பாதை. அதுவும் மேலே போய்ப் பெருவீதியோடு சேரும், ஆனால் ஒரு கார் போகிற அகலம்தான். முதல்நாளே வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். அந்தப் பாதையால் போவதாக அப்போது நினைக்கவில்லை. இப்போது போனேன்.

"தம்பி, போர்ட் மற்றப்பக்கம் காட்டுது" என்றார் அத்தான்.

"இதுதான் வடிவான பாதை. அக்காவுக்குக் காட்டவேணும்."

முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே வடிவுதான். சிவப்புப் பாறை, கீழே பச்சையாக ஒரு துண்டு வயல், பிறகு மறுபடியும் சிவப்பு. பாதை ஏறத் தொடங்கியதும் மதில் இல்லாமல் போனது. பள்ளம் வலப்பக்கம் இருந்தது, அத்தானின் பக்கம். அவருடைய கண்ணாடிக்கு வெளியே பாதையின் விளிம்பும் தெரியவில்லை. நேரே கீழேதான் தெரிந்தது, நூல்போல ஓர் ஆறு.

அவர் கதைப்பதை நிறுத்தினார். ஆறு நாளில் முதல்தடவை. மேலே இருந்த கைப்பிடியை ஒரு கையால் பிடித்தார். பிறகு இரண்டு கையாலும். நான் வேகமாக ஓட்டவில்லை. வேகமாகப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும். மணிக்கு இருபது கிலோமீற்றரில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் வலச் சில்லை விளிம்புக்குக் கிட்ட விட்டேன். சில்லு எங்கே இருக்கிறது என்று எனக்கு அங்குலக் கணக்கில் தெரியும். இரண்டடி எப்போதும் மிச்சம் இருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இரண்டடியில்தான் என் முழுச் சந்தோஷமும் இருந்தது.

"கொஞ்சம் உள்ளுக்கை எடு."

"உள்ளுக்கை பாறை அத்தான். மூளை பாவிச்சுத்தான் ஓடுறன்."

ஒரு வளைவில் எதிரே ஆடு ஏற்றிய ஒரு சின்ன லொறி வந்தது. அவனுக்கு ஒதுங்க இடம் இருந்தது. ஒதுங்கி, கையைக் காட்டி, நீ வா என்றான். நான் தலையாட்டி மறுத்துவிட்டுப் பின்னால் எடுத்தேன். அறுபது எழுபது மீற்றர், பள்ளத்தின் ஓரமாக, வளைந்து வளைந்து, பாதை கொஞ்சம் அகலமான ஓர் இடம் வரை பின்னால். பின்சில்லில் சரளைக் கற்கள் நொருங்கிக் கீழே விழுகிற சத்தம் கேட்டது. லொறி எங்களைக் கடந்து போனபோது அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா... அம்மா..." என்றார்.

நான் எஞ்சினை நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"என்ன அத்தான், அம்மாவோட கதைக்கோணுமோ?"

தூரத்தில் ஆடுகளின் சத்தம் மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி பின்னாலிருந்து, "இஞ்சருங்கோ, வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

"காரை எடு" என்றார் அத்தான். கண்ணைத் திறக்கவில்லை.

"எடுக்கிறன். வவுனியாவிலயிருந்து அம்மா எடுக்கப்போறா எண்டு நீங்கள் என்னட்டச் சொன்னனீங்களோ இல்லையோ? அதை அக்காவுக்குச் சொல்லுங்கோ. சொன்னவுடன எடுக்கிறன்."

"இதென்ன இடத்தில..."

"இந்த இடம்தான்."

அவருடைய கழுத்தில் வேர்வை ஓடியது. சட்டைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது. அறுபத்தேழு வயது மனிதர். அவருடைய முழங்கால்கள் ஆடின. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

"சொல்லேல்ல" என்றார்.

"அக்காவுக்குக் கேக்கேல்லை."

"நான் அவனிட்டச் சொல்லேல்ல!" என்று கத்தினார். பிறகு அழுகிற குரலில் அவசர அவசரமாகச் சொன்னார்: "கடை திறப்பு அண்டைக்கு. ஆளில்லை. அதோட, இவன் அவவின்ர குரலைக் கேட்டா ஊருக்குப் போறன் எண்டு நிப்பான், அகதிக் கேஸ் பிழைச்சுப்போம் எண்டு நினைச்சன். நான் நல்லதுக்குத்தான்... எடு தம்பி. கும்பிடுறன். எடு."

உண்மையில் நான் அப்படி ஊருக்குப் போய்விட்டிருக்கலாம். அதையும் நான் யோசித்ததுண்டு. யோசித்தும் அவர்மேல் எனக்கு இருந்தது ஒரு துளியும் குறையவில்லை.

சாவியைப் போட்டு எஞ்சினை எடுத்தேன். அதற்குப் பிறகு உள்பக்கமாகவே ஓட்டினேன், ஒரு நல்ல சாரதியைப்போல. முக்கால் மணியில் பெருவீதி வந்தது. மலை உச்சியில் உல்லாசப் பயணிகள் இறங்கிப் படம் எடுக்கிற இடத்தில் நிறுத்தினேன். ஒருபக்கம் நாங்கள் வந்த பாலைவனம் மஞ்சளாக, மற்றப்பக்கம் மராகேஷுக்குப் போகிற பச்சை. அத்தான் இறங்கி வீதியோரம் குந்தியிருந்து, குடித்த தேத்தண்ணி எல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தார். என் மனைவி தண்ணீர்ப் போத்தலோடு அவரிடம் போனாள். போகும்போது என்னிடம் நின்று, "மச்சாளின்ர நெஞ்சை ஒருக்கா யோசிச்சியளோ?" என்று கேட்டாள்.

யோசிக்கவில்லை. அக்காவின் இதயத்துக்காகத்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வாயை மூடினேன். மலையில் அது என் நினைவில் வரவேயில்லை. அத்தானின் முழங்கால்களைத் தவிர வேறெதுவும் நினைவில் இருக்கவில்லை.

அக்கா காரிலேயே இருந்தா. நான் கதவைத் திறந்து, பக்கத்தில் இருந்தேன். அம்மாவைப் பற்றி அழுவா என்று நினைத்தேன். என்னைக் கட்டிப்பிடிப்பா என்றும் நினைத்தேன், வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டா.

"நீங்கள் ஆஸ்பத்திரியில சொன்ன அண்டைக்கு."

"மூண்டு வருசம்."

"ஓம்."

"மூண்டு வருசமா நான் அந்த மனுசனுக்குக் குளிசை எடுத்துக் குடுத்து, சோறு போட்டு, உன்னைப் பிழையா நினைச்சுக்கொண்டு இருந்தனான். நீ பாத்துக்கொண்டு இருந்தனி."

"உங்களுக்கு உடம்பு சரியில்லை எண்டு..."

"உடம்பு ஆறு மாசத்தில சரியாப் போச்சு. நீ என்னட்டச் சொல்லாதது எனக்காக இல்லை. அவருக்கெண்டு வச்சிருந்தனி." பிறகு முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "அவர் மறைச்சது இருபத்தைஞ்சு வருசம். நீ மூண்டு. ரெண்டும் எனக்குத்தான் நடந்தது" என்றா.

நான் இறங்கிச் சாரதி சீட்டுக்குப் போனேன்.

மராகேஷ்வரை அத்தான் பின்சீட்டில், என் மனைவி முன்சீட்டில். விமானத்தில் அக்கா ஜன்னல் ஓரமாகத் தனியாக ஓர் இடம் கேட்டு வாங்கினா.

லண்டனுக்கு வந்து இரண்டாம் நாள் அக்கா ஒரு பெட்டியோடு செவன் கிங்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தா. பதினொரு நாள் இருந்தா. என் மனைவியோடு சமைத்தா, பூங்காவுக்குப் போனா, என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தா. நான் அந்தப் பதினொரு நாளும் ஷிப்ட் முடிந்து வேகமாக வீட்டுக்கு வருவேன், பெட்டி இருக்கிறதா என்று பார்க்க. அத்தான் அந்த வீட்டில் தனியாக, முட்டை பொரிக்கவும் தெரியாமல் இருக்கிறார் என்று நினைக்க எனக்கு நல்ல பசி எடுக்கும். ஒரே ஒருநாள், சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னா: "அம்மா அண்டைக்குக் கோவிக்கேல்லை. 'பிள்ளை பாவம், வேலை கஷ்டமாக்கும், சாப்பிடுறானோ' எண்டுதான் கேட்டவ." நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா போய்விட்டா. "அவருக்குப் பிரஷர் குளிசை எது, சீனிக் குளிசை எது எண்டு தெரியாது" என்றா. எனக்குக் கோபம் வந்தது. இதற்காகவா நான் அவரை மலையில் வைத்து உடைத்தேன் என்று வாய்வரை வந்தது. அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தா. "நீ உன்ர பங்கை எடுத்திட்டாய். என்ர பங்கை நான் என்ன செய்யிறது எண்டு நான்தான் பாக்கோணும்" என்றா. இப்போது அந்த வீட்டில் அக்கா மேலறையில், அவர் கீழறையில் என்று கேள்வி. கேட்டபோது சந்தோஷப்பட்டேன். பிறகு அக்காவும்தான் தனியே படுக்கிறா என்று என் மனைவி சொன்னாள்.

போன மாதம் பார்க்கிங்கில் ஒரு கலியாணம். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போன இடத்தில் அத்தானும் நானும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் நின்றோம். மெலிந்திருந்தார். அன்று மண்டபத்தில் அவர் என்னை யாருக்கும் பைலட் என்று அறிமுகப்படுத்தவில்லை. நான் இருக்கிற மேசைப்பக்கமே வரவில்லை.

தண்ணீரை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தம்பி, எனக்கு வயசு போட்டுது. மன்னிச்சுக்கொள்" என்றார்.

பக்கத்தில் யாரும் இல்லை. குரலில் நடிப்பும் இல்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

"ஏலாது அத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்து இருந்தேன். பாயாசம் கொண்டுவந்தார்கள். நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.